வயலில் கிடைத்த போர்க்கால அடையாளத் தகடு: குடும்பத்திடம் சேர்ப்பது எப்படி?

டார்செட் வாசகரின் கேள்வி, 2024 மார்ச் 2

இங்கிலாந்துக்குக் குடிவந்த பிறகு, வார இறுதிகளில் மெட்டல் டிடெக்டருடன் வயல்களில் சுற்றுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சென்ற வாரம் உழுத நிலமொன்றில் அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் அடையாளத் தகடு கிடைத்தது. அதில் ஐந்து வரிகள் இருக்கின்றன: வீரரின் பெயர், ஓர் எண், பிறகு ஒரு பெண்ணின் பெயர், தெரு, ஊர். படமெடுத்து முகநூலில் போட்டால் ஒரே நாளில் குடும்பம் கிடைத்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போடலாமா? தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புவதுதானே மரியாதை?

2024 மார்ச் 2, இரவு

போடவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். சாதாரணத் தண்ணீரில் நனைத்து, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் அகற்றுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் இருட்டறையில் கைவிளக்கைத் தகட்டின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகூடச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

நீங்கள் சொல்லும் ஐந்து வரி அமைப்பே ஒரு காலக்குறிப்பு. நெருங்கிய உறவினரின் பெயரையும் முகவரியையும் தகட்டில் பொறிக்கும் வழக்கத்தை அமெரிக்கத் தரைப்படை 1943 ஜூலையில் கைவிட்டது. ஆகவே உங்கள் தகடு அதற்கு முன் அடிக்கப்பட்டது. இரண்டாம் வரியில் எண்ணுக்குப் பக்கத்தில் T42 என்பதுபோல் இருந்தால், அது டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டு. அதையடுத்த எழுத்து இரத்த வகை. கடைசி வரியின் ஓரத்தில் C, P, H ஆகியவற்றுள் ஒன்று இருக்கலாம். அவை முறையே கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், யூதர் என்பதைக் குறிக்கும்.

இவற்றையெல்லாம்விட அவசரமான வேலை ஒன்று உண்டு. நாளையே அந்த வயலுக்குப் போய், தகடு கிடைத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்துவிடுங்கள். வரைபட ஆயத்தொலைவு, ஆழம், வேலியிலிருந்து தூரம், சுற்றிலும் வேறு என்ன கிடைத்தது என்பவற்றை எழுதுங்கள். பெயரை இன்னும் பத்து ஆண்டு கழித்துக்கூடத் தேடலாம். இடத்தின் நினைவு அடுத்த உழவு வரைகூடத் தாங்காது.

2024 மார்ச் 3

இடத்தை இவ்வளவு வலியுறுத்துவது ஏன் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தையே சொல்கிறேன்.

நான் தேடும் நிலம் டெவனின் தென்பகுதியில், ஸ்லாப்டன் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. 1943 இறுதியில், நார்மண்டி தரையிறக்கத்துக்கு ஒத்திகை பார்ப்பதற்காக அந்தக் கடற்கரையையும் அதன் பின்னால் ஏறத்தாழ 30,000 ஏக்கர் நிலத்தையும் அரசு கையகப்படுத்தியது. ஸ்லாப்டன், டார்கிராஸ், ஸ்ட்ரீட், பிளாக்காட்டன் முதலிய ஊர்களிலிருந்து சுமார் 3,000 பேர் டிசம்பர் 20-க்குள் ஆடுமாடு, தட்டுமுட்டுச் சாமான்களுடன் வெளியேற வேண்டியிருந்தது. நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கவிருந்த அமெரிக்க 4-ஆம் காலாட்படைப் பிரிவு அங்கே பயிற்சி எடுத்தது. 1944 ஏப்ரல் 28 அதிகாலையில் லைம் விரிகுடாவில் ஒத்திகைக் கப்பல்களை ஜெர்மானிய வேகப்படகுகள் தாக்கியதில் 749 அமெரிக்கர்கள் மாண்டார்கள். 1984-இல் கடலிலிருந்து மீட்கப்பட்டு டார்கிராஸில் நிற்கும் ஷெர்மன் டாங்கி அவர்களுடைய நினைவுச்சின்னம்.

எனக்கு அங்கே கிடைத்த தகட்டிலும் ஒரு தாயின் பெயரும் பென்சில்வேனியா முகவரியும் இருந்தன. அது கிடைத்த மூலையிலேயே அமெரிக்கத் துப்பாக்கித் தோட்டாக்களின் காலிக்கூடுகள், நசுங்கிய பற்பசைக் குழாயின் கழுத்து, கழுகு பொறித்த சட்டைப் பொத்தான், துருவேறிய ஒரு சென்ட் நாணயம் ஆகியவையும் கிடைத்தன. 1943-இல் செம்பு போர்த் தேவைக்குப் போனதால் அமெரிக்கா அந்த ஆண்டின் ஒரு சென்ட் நாணயத்தைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. கருவி அதை இரும்பு என்றே காட்டும். இரும்பை வடிகட்டிவிட்டுத் தேடுபவர்களுக்கு அது கிடைக்காது. காலிக்கூட்டின் அடிவட்டத்தில் தொழிற்சாலையின் எழுத்துகளும் ஆண்டின் இலக்கங்களும் இருக்கும்: LC என்றால் லேக் சிட்டி, FA என்றால் பிராங்ஃபோர்ட், 43 என்றால் 1943. இவற்றையெல்லாம் ஒரே தாளில் குறித்தபோதுதான், அந்த மூலையில் வீரர்கள் சுட்டுப் பழகியதோடு நில்லாமல் இரவு தங்கிப் பல் துலக்கியிருக்கிறார்கள் என்பதும் புலப்பட்டது.

தகட்டுக்குரிய வீரரின் மகளைக் கண்டுபிடித்து முதல் கடிதம் எழுதியபோது, தகட்டின் படத்தை மட்டும் இணைத்திருந்தேன். பதிலில் தகட்டைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. மற்றதெல்லாம் இடத்தைப் பற்றிய கேள்விகள்: அது மேடா பள்ளமா, அங்கிருந்து கடல் தெரியுமா, பக்கத்தில் வீடு உண்டா, அப்பா அங்கே எத்தனை நாள் இருந்திருப்பார்? அவருடைய தந்தை போரிலிருந்து உயிரோடு திரும்பி முதுமை வரை வாழ்ந்தவர். ஆனால் இங்கிலாந்தைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறந்ததேயில்லை. மகள் கேட்டவற்றில் பெரும்பகுதிக்கு என் குறிப்பேட்டிலிருந்தே பதில் எழுத முடிந்தது. குறிப்பில்லாமல் பிடுங்கி எடுத்திருந்தால் நான் ஓர் உலோகத் துண்டைத்தான் அனுப்பியிருப்பேன்.

2024 மார்ச் 5

தகடு கிடைத்தாலே வீரர் இறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, அஞ்சலிப் பதிவு எழுதி, உயிரோடிருக்கும் பிள்ளைகளைத் திகைக்கவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு தகடுகள் கொடுத்தார்கள். தொலைந்தால் புதிதாக அடித்துக்கொடுத்தார்கள். இங்கிலாந்தின் முகாம் நிலங்களில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை சங்கிலி அறுந்து விழுந்தவைதான்.

ஆகவே முதலில் மரணப் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்கப் போர் நினைவிட ஆணையத்தின் தரவுதளத்தில், வெளிநாட்டுக் கல்லறைகளில் அடக்கமானவர்களின் பெயர்களும் காணாமற்போனவர்களின் பெயர்களும் உள்ளன, தேடக் கட்டணமில்லை. கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள அமெரிக்கக் கல்லறையின் சுவரில் மட்டும் காணாமற்போனோர் 5,127 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

அடுத்து எண்ணைப் பாருங்கள். 3 என்று தொடங்கினால் அவர் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர். 1 என்றால் தாமாகச் சேர்ந்தவர். இரண்டாம் இலக்கம் சேர்ந்த வட்டாரத்தைச் சுட்டும். 33 எனத் தொடங்கும் எண்கள் பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா பக்கத்தவை. அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகம் சுமார் 90 லட்சம் ஆள்சேர்ப்புப் பதிவுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் எண்ணை இட்டால் பிறந்த ஆண்டு, மாவட்டம், படிப்பு, செய்த தொழில் வரை கிடைக்கக்கூடும். பிறகு 1940, 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் இருக்கின்றன. 72 ஆண்டுகள் கழித்தே வெளியிடும் விதிப்படி 1950-க்குரியவை 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. தகட்டில் உள்ள தெருவை அவற்றில் தேடினால் குடும்பமே வரிசையாக வந்து நிற்கும். தம்பி தங்கைகளின் பெயர்கள் அங்கேதான் கிடைக்கும்.

பணிக்கோப்பை நம்பி மட்டும் இருக்காதீர்கள். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் கட்டடத்தில் பற்றிய தீயில், 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்தது. ஒவ்வொரு படைக்குழுவும் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கைகள் தனியாக இருக்கின்றன. குழு எந்த நாளில் எங்கே தங்கியிருந்தது என்பதை அவற்றிலிருந்து அறியலாம். டெவன் தகட்டுக்குரியவரின் மகள் கேட்ட கடைசிக் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது.

2024 மார்ச் 6

தகட்டின் ஓரத்திலுள்ள சிறு வெட்டு, இறந்த வீரரின் பற்களுக்கிடையே தகட்டைச் செருகுவதற்காக என்பது கட்டுக்கதை. எழுத்துப் பொறிக்கும் இயந்திரத்தில் தகட்டை நேராகப் பொருத்துவதற்காக வைத்த வெட்டு அது. குடும்பத்துக்கு எழுதும் கடிதத்தில் தயவுசெய்து அந்தக் கதையைச் சேர்க்காதீர்கள்.

2024 மார்ச் 9

சட்டத்தைப் பற்றிக் கேட்ட வாசகருக்கு.

இங்கிலாந்தில் நிலவுடைமையாளரின் அனுமதியின்றித் தோண்டி எடுத்தால் அது திருட்டாகக் கருதப்படலாம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி உத்தரவில்லாமல் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். போர் விமானம் விழுந்த இடமாக இருந்தால் 1986-ஆம் ஆண்டின் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமமின்றி ஒரு திருகாணியைக்கூட எடுக்கக்கூடாது. 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குள் இத்தகைய தகடு வராது. ஆனால் அதனால் அது கண்டெடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது.

பிரான்சில் விதி இன்னும் கடுமையானது. வரலாற்றுப் பொருள் தேடிக் கருவியுடன் இறங்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். சுற்றுலா போன வேகத்தில் முதல் உலகப் போரின் சோம் போர்க்களத்து வயல்களில் இறங்க நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் தேடலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் அங்கே இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

2024 மார்ச் 10

வெடிபொருள் குறித்து நேற்றே எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னது சரி. ஸ்லாப்டன் ஒத்திகைகளில் உண்மையான குண்டுகளைத்தான் சுட்டார்கள். மண்ணுக்குள் கூம்பாகவோ உருளையாகவோ இரும்பு தட்டுப்பட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடத்தைத் தொலைவிலிருந்து தெரியும்படி அடையாளமிட்டு, விலகி நின்று 999-ஐ அழையுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறவர்கள் தங்களுடன் காவலர்களின் உயிரையும் பணயம் வைக்கிறார்கள்.

2024 மார்ச் 16

பெர்லினிலிருந்து எழுதிய வாசகர், சந்தையில் விற்கும் ஜெர்மானியத் தகடுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானியத் தகடு முட்டை வடிவமானது. நடுவே துளைக்கோடு ஓடும். இரு பாதிகளிலும் ஒரே விவரம் இருக்கும். வீரர் இறந்தால் கீழ்ப்பாதியை ஒடித்து அலுவலகத்துக்கு அனுப்புவார்கள்; மேற்பாதி உடலோடு போகும். பெயர் இருக்காது, படைக்குழுவும் எண்ணும்தான் இருக்கும். அந்த எண்ணுக்குரிய பெயர் படைவீரர் விவரங்களைப் பதிந்துவந்த பெர்லினிலுள்ள பழைய தகவல் அலுவலகத்தின் பட்டியல்களில் உள்ளது. 2019 முதல் அது ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தோடு இணைந்திருக்கிறது.

போர்க்களத்து மண்ணில் ஒடிக்கப்படாத முழுத் தகடு கிடைத்தால், அந்த வீரர் அதற்கடியிலேயே கிடக்கக்கூடும். அவருடைய மரணம் எவராலும் பதிவு செய்யப்படாமல் இருக்கலாம். அந்தத் தகட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது, ஒரு மனிதரின் பெயரை அவருடைய எலும்பிலிருந்து பிரித்தெடுப்பதாகும். பிறகு அந்த எலும்பை எவர் கண்டெடுத்தாலும் அது பெயரில்லாத எலும்புதான். அப்படிப் பிரித்தெடுத்த தகடுகள் விலைபேசி விற்கப்படுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கண்ட இடத்திலேயே விட்டு, அந்நாட்டுக் காவல்துறைக்கும் காசல் நகருக்கு அருகிலுள்ள ஜெர்மானியப் போர்க்கல்லறைக் கழகத்துக்கும் தெரிவியுங்கள்.

முதல் உலகப் போரின் பிரித்தானிய வீரர்களுக்கு நேர்ந்தது இதைவிடத் துயரமானது. 1916 முதல் கொடுத்த சிவப்பு, பச்சை வில்லைகள் அழுத்தப்பட்ட நாரால் ஆனவை, ஈரமண்ணில் மட்கிவிட்டன. அதனால்தான் வீரர்கள் தாமே காசு கொடுத்தோ நாணயத்தைத் தட்டியோ செய்துகொண்ட கைவளையங்களுக்கு இன்று அவ்வளவு மதிப்பு. எலும்போடு அப்படி ஒன்று கிடைத்தால் கை வைக்காமல் தகவல் சொல்ல வேண்டும்.

2024 மார்ச் 17

சைகோன் சந்தையில் வாங்கிய வியட்நாம் போர்த் தகட்டைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கும் வாசகருக்கு: அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பவற்றில் போலிகள் மலிந்திருப்பது ஊரறிந்த செய்தி. உண்மையானதாகவே இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. 1969 ஜூலை முதல் அமெரிக்கத் தரைப்படை தன் பணி எண்ணுக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்பு எண்ணையே பயன்படுத்தத் தொடங்கியது. தகட்டைப் படமெடுத்துப் போட்டால், உயிரோடிருக்கும் ஒருவரின் வங்கி, ஓய்வூதிய விவரங்களுக்கான திறவுகோலை உலகுக்கே கொடுத்துவிடுகிறீர்கள். படத்தை உடனே நீக்குங்கள்.

2024 மார்ச் 23

குடும்பம்தான் முதல் என்ற தொனியில் மார்ச் 3 குறிப்பு அமைந்திருக்கிறது என்றும், நிலத்துக்காரரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்றும் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர் அங்கே வெறும் அனுமதி கொடுத்தவர் அல்லர் என்பதால் தனியாக எழுத நினைத்திருந்தேன்.

தகட்டை அன்று மாலையே அவர் வீட்டு அடுக்களை மேசையில் வைத்தேன். அவர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த வயலைத் தம் தந்தை சிறுவனாக இருந்தபோது விட்டுப் போன கதையைச் சொன்னார். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் மாடுகளை ஓட்டிக்கொண்டு உறவினர் பண்ணைக்குப் போனார்களாம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது வேலிகள் கிழிந்து, வரப்பெல்லாம் குழிகளாக இருந்தனவாம். தகட்டை அமெரிக்காவுக்கு அனுப்ப அவர் உடனே சம்மதித்தார். ஆனால் தாமும் ஒரு கடிதம் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தக் கடிதம் என்னுடைய குறிப்புகளைவிடப் பெரிய வேலை செய்தது. மகளின் அடுத்த கடிதம் எனக்கு வரவில்லை. நேராக அவருக்கு வந்தது. எங்கள் வீட்டு ஆள் உங்கள் வீட்டு நிலத்தில் இருந்தார் என்ற உறவு அந்த இரண்டு குடும்பங்களுக்கும் உரியது, இடையில் எனக்கு வேலை இல்லை. இன்றுவரை அவர்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பிக்கொள்கிறார்கள். எனவே டார்செட் நண்பரே, உங்கள் நிலத்துக்காரரிடம் இன்னும் சொல்லவில்லையென்றால் முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 1944-இல் அந்தப் பக்கத்தில் அமெரிக்க 1-ஆம் காலாட்படைப் பிரிவு இருந்தது. அவர் வீட்டிலும் ஏதாவது நினைவு தங்கியிருக்கலாம்.

2024 மார்ச் 24

பதக்கம் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: முதல் உலகப் போரின் பிரித்தானியப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு இருக்கும், நட்சத்திர வடிவப் பதக்கங்களில் பின்புறம் இருக்கும். இரண்டாம் போரில் பிரிட்டன் தன் வீரர்களுக்கு வழங்கிய களப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படைவீரர்களுக்கு வழங்கப்பட்டவற்றில் பொறித்தார்கள். ஆகவே சென்னையிலோ வேலூரிலோ பழம்பொருள் கடையில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் வீரர் ஒருவரின் நட்சத்திரப் பதக்கத்தைப் பார்த்தால், விளிம்பையும் பின்புறத்தையும் பாருங்கள். பெங்களூரில் அப்படைப்பிரிவின் மையம் இன்றும் இயங்குகிறது. வெள்ளிப் பதக்கங்கள் உருக்கப்பட்டது ஏராளம். எஞ்சியவற்றிலுள்ள பெயர்களையாவது படித்துவைப்போம்.

2024 ஏப்ரல் 6

டார்செட் நண்பர் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் வீரரின் தம்பி வழிப் பேரன் ஒருவரும் மகள் வழிப் பேத்தி ஒருவரும் தனித்தனியே தகட்டைக் கேட்பதாக எழுதியிருக்கிறார்.

நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நேர் வாரிசு இருக்கும்போது அவருக்கே முன்னுரிமை என்பது பொதுவான வழக்கம். அதை இருவரிடமும் ஒரே சொற்களில் தெரிவித்து, அவர்களே பேசி முடிவுசெய்யும்வரை தகட்டைக் கையில் வையுங்கள். படங்களையும் வரைபடத்தையும் குறிப்புகளையும் இருவருக்கும் முழுமையாக அனுப்பலாம். அவற்றுக்குப் பங்குச் சண்டை கிடையாது. முடிவு வரும் முன் உள்ளூர்ச் செய்தித்தாளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

வேண்டாம் என்று சொல்லும் குடும்பமும் உண்டு. போரிலிருந்து திரும்பியவர் வீட்டில் கொடுமைக்காரராக இருந்திருக்கலாம். அவர் பெயரைக் கேட்கவே பிடிக்காத பிள்ளைகள் இருக்கலாம். என் தோழி ஒருவர் அனுப்பிய கடிதத்துக்கு, இனி எழுத வேண்டாம் என்ற இரண்டு வரிப் பதில் வந்தது. அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டு, நிலத்துக்காரரின் சம்மதத்துடன் தகட்டை உள்ளூர் அருங்காட்சியகத்தில் பெயரை மறைத்து வைக்கச் சொன்னார். பொருளை முன்னறிவிப்பின்றி அஞ்சலில் அனுப்பக்கூடாது, முதலில் கடிதம்தான் போக வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுவே.

2024 ஏப்ரல் 14

தகடு போன பிறகு மீந்திருக்கும் காலிக்கூடுகளையும் பொத்தான்களையும் என்ன செய்வது என்பதுதான் நிலுவையிலுள்ள கேள்வி.

சிறு தொல்பொருள்களைப் பதியும் திட்டத்தினர் பெரும்பாலும் 300 ஆண்டுக்கு முற்பட்டவற்றையே எடுத்துக்கொள்வார்கள். 1943-ஆம் ஆண்டுப் பொத்தானுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. ஆனால் ஒவ்வொரு மாவட்ட நிர்வாகத்திலும் வரலாற்றுச் சூழல் பதிவேடு என்று ஒன்று உண்டு. அமெரிக்க முகாம் நிலங்கள் பற்றிய தகவலை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். நான் ஆயத்தொலைவுகளுடன் கூடிய பட்டியலை டெவன் பதிவேட்டுக்கு அனுப்பினேன். ஒரு படி நிலத்துக்காரரிடமும் இன்னொன்று பென்சில்வேனியாவிலும் இருக்கின்றன. பொருள்களை ஈரம் புகாத சிறு உறைகளில் தனித்தனியே இட்டு, பட்டியல் எண்ணை எழுதி, அவர் வீட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

அந்த வயலின் தென்பாதி இன்னும் தேடப்படவில்லை. பார்லி அறுவடை முடிந்ததும் இறங்கலாம் என்று நிலத்துக்காரர் சொல்லியிருக்கிறார். உடன் வர விரும்புகிறவர்கள் இரும்பை வடிகட்டாமல் தேடச் சம்மதிக்க வேண்டும்; ஆளுக்கொரு குறிப்பேடும் அளவுநாடாவும் கொண்டுவர வேண்டும்.